பள்ளி மாணவரும் பயிர்த்தொழில் அபிவிருத்தியும்

(ஒரு விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதுவது)

கிராமங்களில் விவசாய அபிவிருத்தியைப்பற்றிப் பேசப் புகுவோர் நிலமுடையோரையும் குத்தகைதாரர்களையும் நோக்கியே பேசுவது வழக்கம். திண்ணையின் ஒரு மூலையில் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருக்கும் சிறுவனை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. அவன் பரீட்சையில் தேறிப் பட்டணம் சென்று உத்தியோகம் பார்க்கவேண்டியவன் என்றே பெற்றோர் எண்ணுகின்றனர். இலாகாவைச் சேர்ந்த நாங்களும் அவ்வாறே எண்ணி வந்தோம். இவ்வெண்ணம் தவறு என்பதை நான் அனுபவத்தில் அறிந்த விதத்தையும், வேறொரு தேசத்தில் பள்ளிச் சிறுவர்களே தங்கள் தந்தையர்க்குப் பயிர்த்தொழிலில் வழிகாட்டிய வரலாற்றையும், அதனை நம் கிராமங்களில் அனுசரிக்கத்தக்க முறையையும் மிராசுதார்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சாவடியில் நடந்த கூட்டம்

சில வருஷங்களுக்கு முன், சம்பா நாற்றங்கால் விடும் காலத்திற்கு ஒரு மாதம் முன்பாக, என் வட்டாரத்திலுள்ள ஒரு கிராமத்தில் நல்விதையைப்பற்றிப் பேசுவதற்காகக் கூட்டம் ஏற்பாடு செய்திருந்தேன். முதல் நாளே தண்டோரா போடப்பட்டது. சாவடியில் விளக்கும் ஜமக்காளமும் தயாராயிருந்தன. வந்தவர்கள் நால்வர். அவர்களில் ஒருவர் கிராம அதிகாரி; இன்னொருவர் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர். எஞ்சிய இருவரும் பாதிப் பேச்சிலேயே எழுந்து சென்றுவிட்டனர். அவ்வாண்டு அறுவடைக் காலத்தில் மழை பெய்து, பல வீடுகளில் நெல் சரியாகக் காயாமலே குதிருக்குள் போயிருந்தது. அவ்விதையை அப்படியே விதைத்தால் நாற்று பொய்த்துப்போகும் என்பதைச் சொல்லவே நான் வந்திருந்தேன். கேட்பதற்குத்தான் ஆளில்லை.

கூட்டம் கலைந்தபின் தலைமை ஆசிரியர் என்னிடம், "ஐயா, பெரியவர்கள் வரவில்லையென்று வருந்தவேண்டாம். செய்யவேண்டியதை எனக்குச் சொல்லிக்கொடுங்கள், நான் பிள்ளைகளைக்கொண்டு செய்துபார்க்கிறேன்" என்றார். நான் அரைமனதுடன், விதையின் முளைப்புத்திறனைச் சோதிக்கும் எளிய முறையை அவருக்குக் கூறினேன். குதிரின் மேலும் நடுவிலும் அடியிலுமிருந்து எடுத்துக் கலந்த நெல்லில், பொறுக்காமல் நூறு மணிகளை எண்ணி எடுத்து, நனைத்த கோணித்துண்டில் வரிசையாகப் பரப்பிச் சுருட்டி, நிழலில் வைத்து, காயவிடாமல் தண்ணீர் தெளித்து வந்து, ஏழாம் நாள் பிரித்து, நல்ல வேரும் குருத்தும் விட்ட மணிகளை எண்ணவேண்டும். இதற்கு யந்திரமும் வேண்டாம், பணமும் வேண்டாம்.

அடுத்த வாரம் நான் சென்றபோது, பள்ளிக்கூடத்து நடையில் முப்பதுக்கு மேற்பட்ட கோணிச் சுருள்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மாணவனுடைய அல்லது மாணவியினுடைய பெயர் எழுதிய அட்டை கட்டியிருந்தது. பிள்ளைகள் தங்கள் தங்கள் சுருளைப் பிரித்து எண்ணி, கரும்பலகையில் எண்ணிக்கையை எழுதினர். சில வீட்டு விதைகள் நூற்றுக்குத் தொண்ணூறு முளைத்திருந்தன. அவ்வூரில் மிகுந்த நிலமுடைய மிராசுதார் ஒருவரின் பேரன் எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். அவன் சுருளில் முளைத்தவை அறுபத்தொன்று. அவன் எண்ணிக்கையைக் குறைக்கவுமில்லை, கூட்டவுமில்லை. சற்று நேரம் தயங்கி நின்று, பின் 61 என்று எழுதினான்.

மறுநாள் காலையில் அப்பெரியவர் பள்ளிக்கூடத்திற்கே வந்துவிட்டார். "வாத்தியார் ஐயா, எங்கள் வீட்டு விதை ஊருக்கெல்லாம் கொடுத்த விதை. அதைக் குறை சொல்லவா பிள்ளையைப் பள்ளிக்கூடத்திற்கு அனுப்பினேன்?" என்று உரத்த குரலில் கேட்டார். ஆசிரியர் பதிலுக்குப் பதில் பேசவில்லை. "பெரியவர் சொல்வது நியாயம். பிள்ளை எண்ணியதில் பிழையிருக்கலாம். தாங்களே நூறு மணி எண்ணிக் கொடுங்கள், தங்கள் கண்முன்னேயே சுற்றி வைக்கிறோம்" என்று மட்டும் சொன்னார். பெரியவர் வீட்டிலிருந்து விதையை வரவழைத்துத் தம் கையாலேயே எண்ணிக் கொடுத்தார். பேரன் அதைச் சுற்றி வைத்தான். ஏழு நாளும் அவர் மாலைவேளையில் அவ்வழியே வந்து, சுருள் ஈரமாயிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துச் சென்றதாக ஆசிரியர் பின்னர் என்னிடம் கூறினார். ஏழாம் நாள் முளைத்தவை ஐம்பத்தெட்டு. "தாத்தா, நான் எண்ணினதைவிட மூன்று குறைச்சல்" என்றான் சிறுவன். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

அவ்வாண்டு அவர் நாற்றங்காலுக்குத் தம் வீட்டு விதையை எடுக்கவில்லை. இலாகா டிப்போவிலிருந்து விதை வாங்கினார். அவர் வீட்டு நெல்லையே நம்பியிருந்த பதினைந்து குடும்பங்களும் தப்பின. நான் பல கூட்டங்கள் போட்டும் செய்யமுடியாததைப் பதின்மூன்று வயதுச் சிறுவனொருவன் ஒரு கோணித்துண்டைக்கொண்டு செய்து முடித்தான்.

கணக்கிட்டுப் பார்த்தால் இதன் முக்கியத்துவம் விளங்கும். சான்று பெற்ற நெல்விதை நூற்றுக்கு எண்பதுக்குக் குறையாமல் முளைக்கவேண்டும் என்பதும், ஈரப்பதம் நூற்றுக்கு 13-க்கு மேற்படக்கூடாதென்பதும் நம் நாட்டில் வகுக்கப்பட்ட விதி. நூற்றுக்கு எண்பது முளைக்கும் விதையில் 30 கிலோ போதுமான இடத்தில், அறுபதே முளைக்கும் விதையில் 40 கிலோ இறைக்கவேண்டும். அப்படி இறைத்தாலும் அந்நாற்று ஒரே சீராக வளராது. அறியாது 30 கிலோவே விதைத்தவன், நடவுக் காலத்தில் நாற்றுக்காக அயலூர்களில் அலையவேண்டியவனாவான்.

அமெரிக்க தேசத்தின் அனுபவம்

இச்சம்பவத்திற்குப் பின், சிறுவர்களைக்கொண்டு விவசாய அபிவிருத்தி செய்த தேசங்களின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அவற்றுள் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறு நமக்கு மிகவும் பயன்படத்தக்கது. ஏனெனில், அங்கும் இக்காரியம் சாவடியில் ஆளில்லாத கூட்டத்திலிருந்தே பிறந்தது.

இல்லினாய் மாகாணத்தில் மக்கூப்பின் என்னும் ஜில்லாவில் வில் ஆட்வெல் என்பவர் விவசாயிகள் சங்கமொன்றை நடத்தி வந்தார். அவர் கூட்டிய கூட்டத்திற்குச் சங்க நிர்வாகிகளைத் தவிர வேறெவரும் வரவில்லை. பெரியவர்களை நம்பிப் பயனில்லையென்று கண்ட அவர், நல்ல மக்காச்சோள விதையை வரவழைத்து, 1900-ம் வருஷத்தில் சுமார் 500 சிறுவர்களுக்குக் கொடுத்து, விளைச்சலுக்குப் பரிசும் ஏற்படுத்தினார். அடுத்த கூட்டத்திற்குச் சிறுவர்கள் தாங்கள் விளைவித்த கதிர்களுடன் வந்தனர். பிள்ளைகளின் பயிரைப் பார்க்கத் தந்தையரும் திரளாக வந்தனர்.

ஒஹையோ மாகாணத்தில் பள்ளிக்கூடங்களின் மேற்பார்வையாளராயிருந்த ஆல்பர்ட் கிரஹாம் என்பவர், 1902-ம் வருஷம் ஜனவரி மாதம் 15-ந் தேதி, ஸ்பிரிங்பீல்டு நகரத்து நியாயஸ்தலக் கட்டடத்தின் நிலவறையில், பத்து முதல் பதினைந்து வயது வரையுள்ள சுமார் முப்பது பிள்ளைகளைக் கூட்டி ஒரு கழகம் தொடங்கினார. பிள்ளைகள் லிட்மஸ் காகிதத்தைக்கொண்டு தங்கள் வயல் மண்ணைச் சோதித்தனர். பொறுக்கு விதைகளை நட்டுப் பார்த்தனர். கண்டவற்றை எழுதி வைத்தனர். அம்மாகாணத்து விவசாய ஆராய்ச்சி நிலையத்தார் அவர்களுக்கு உதவி புரிந்தனர்.

மிஸ்ஸிஸிப்பி மாகாணத்தில் ஹோம்ஸ் என்னும் ஜில்லாவில், 1907-ம் வருஷத்தில், வில்லியம் ஸ்மித் என்னும் கல்வி அதிகாரி 120 சிறுவர்களைச் சேர்த்து மக்காச்சோளக் கழகம் அமைத்தார். இதற்கு மத்திய விவசாய இலாகாவைச் சேர்ந்த சீமன் நாப் என்பவர் துணை நின்றார். இவரே எங்கள் தொழிலுக்கு மூலபுருஷர் எனலாம். 1903-ம் வருஷத்தில் டெக்ஸாஸ் மாகாணத்து டெர்ரல் என்னும் ஊரில், குடியானவர் ஒருவருடைய சொந்த நிலத்திலேயே, அவர் கையைக்கொண்டே செய்முறை விளக்கம் நடத்திக் காட்டியவர் இவர். ஒருவன் காதால் கேட்டதைச் சந்தேகிப்பான். கண்ணால் கண்டதையும் ஒருவேளை சந்தேகிப்பான். தன் கையால் செய்ததை மட்டும் சந்தேகிக்கமாட்டான் என்பது இவர் கொள்கை. மேலே நான் கூறிய பெரியவர் தம் கையால் நூறு மணி எண்ணியதை வாசகர்கள் இங்கு நினைவுகூர்வார்களாக.

தென் கரோலினா மாகாணத்தில் ஜெர்ரி மூர் என்னும் சிறுவன், 1910-ம் வருஷத்தில், ஒரே ஏக்கரில் 228¾ புஷல் மக்காச்சோளம் விளைவித்தான். புஷல் ஒன்றுக்கு 56 பவுண்டு, அதாவது சுமார் 25.4 கிலோ, ஆக விளைச்சல் ஏறக்குறைய 5,800 கிலோ. அக்காலத்தில் அந்நாட்டின் சராசரி விளைச்சல் ஏக்கருக்கு 25 முதல் 30 புஷல் வரையே இருந்தது. எட்டு மடங்கு விளைவித்த பையனைப் பார்க்க ஊரார் வந்ததில் வியப்பென்ன?

பெண் பிள்ளைகளும் பின்வாங்கவில்லை. அதே மாகாணத்தில் ஐக்கன் ஜில்லாவைச் சேர்ந்த மேரி க்ரோமர் என்னும் உபாத்தியாயினி, அதே 1910-ம் வருஷத்தில், 47 சிறுமிகளைச் சேர்த்துத் தக்காளிக் கழகம் அமைத்தார். ஒவ்வொருத்திக்கும் பத்துச் சென்ட் நிலம். தக்காளியைப் பயிரிடுவது மட்டுமன்றி, அதைப் பக்குவமாகத் தகரக் குவளைகளில் அடைத்து விற்பதையும் அவர்கள் கற்றனர். விளைபொருள் மலியும்போது வந்த விலைக்குத் தள்ளாமல், பாதுகாத்து வைத்து விற்கலாம் என்பதை அச்சிறுமிகளிடமிருந்தே அவர்கள் வீட்டார் அறிந்தனர்.

இம்முயற்சிகளின் பயனாகவும், நாப் முதலியோரின் உழைப்பாலும், 1914-ம் வருஷத்தில் ஸ்மித்-லீவர் சட்டம் என்னும் சட்டம் நிறைவேறி, விவசாயப் பிரசாரத்திற்கு அந்நாட்டில் நிலையான பொருளுதவி கிடைத்தது. சிறுவர் கழகங்களும் அதன் பகுதியாயின. தலை, இதயம், கை, ஆரோக்கியம் ஆகிய நான்கையும் பொதுநலத்திற்கு உரியதாக்குவதே அவற்றின் குறிக்கோள். இந்நான்கு சொற்களும் ஆங்கிலத்தில் எச் என்னும் எழுத்தில் தொடங்குவதால், அவை நான்கு-எச் கழகங்கள் என வழங்கலாயின. நான்கு இலையுள்ள குளோவர்ச் செடி அவற்றின் சின்னம். பல லட்சம் சிறுவர் சிறுமியர் அங்கத்தினராக, அக்கழகங்கள் இன்றும் நடைபெறுகின்றன.

ஆசிரியரை வென்ற மாணவன்

மாணவன் சொன்னதைச் செய்பவன் மட்டுமல்லன், தானாகவும் ஆராய வல்லவன் என்பதற்கு ஓர் உதாரணம் கூறுவேன். ஐயோவா மாகாணத்தில், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், மக்காச்சோளக் கதிர்களின் அழகைப் பார்த்துப் பரிசு கொடுக்கும் வழக்கமிருந்தது. வரிசை நேராகவும் கதிர் உருண்டும் இருந்தால் அதுவே சிறந்த விதை என்று ஹோல்டன் என்னும் புகழ்பெற்ற விவசாயப் பேராசிரியர் போதித்து வந்தார். ஹென்றி வாலஸ் என்னும் பள்ளி மாணவனுக்கு இதில் சந்தேகம் பிறந்தது. அவன் 1904-ம் வருஷத்தில், பரிசுக்குரிய அழகிய கதிர்களையும் கழிக்கப்பட்ட கதிர்களையும் தனித்தனி வரிசையாக விதைத்து, ஒவ்வொரு வரிசையின் விளைச்சலையும் தனித்தனியே நிறுத்தான். கதிரின் அழகுக்கும் அது தரும் மகசூலுக்கும் சம்பந்தமில்லை என்பது அவனுக்கு விளங்கிற்று. பிற்காலத்தில் அவன் வீரிய ஒட்டு மக்காச்சோள விதையைப் பெருக்கி விற்கும் கம்பெனியை 1926-ம் வருஷத்தில் நிறுவி, 1933-ல் அந்நாட்டு விவசாய மந்திரியாகி, 1941-ல் உப ஜனாதிபதியாகவும் உயர்ந்தான். அச்சிறுவன் கேட்ட கேள்வியை அதிகப்பிரசங்கித்தனம் என்று வீட்டார் அடக்கியிருந்தால் நஷ்டம் யாருக்கு என்பதை நாம் யோசிக்கவேண்டும்.

கணக்கெழுதும் பழக்கம்

அமெரிக்கச் சிறுவர் கழகங்களின் விதிகளில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது பரிசு வழங்கும் முறை. விளைச்சல் மிகுதிக்கு நூற்றுக்கு முப்பது பங்கு மதிப்பே அளித்தனர். செலவு போக நின்ற லாபத்திற்கு முப்பது. கண்காட்சிக்கு வைத்த பத்துக் கதிர்களுக்கு இருபது. பயிரின் வரலாற்றைப் பையனே எழுதிய குறிப்புக்கு இருபது. வெறும் விளைச்சலுக்கே பரிசென்றால், வண்டி வண்டியாக எருவைக் கொட்டி, வருவாய்க்குமேல் செலவிட்டு விளைவிப்பார்கள். அது ஊருக்கு வழிகாட்டாது. இக்காரணம் பற்றியே லாபத்திற்கும் சம மதிப்பு வைத்தனர்.

லாபத்தைக் கணக்கிடும் முறையும் கவனிக்கத்தக்கது. நிலம் தந்தையுடையதேயானாலும் ஏக்கருக்கு 5 டாலர் வாரம் எழுதவேண்டும். பையனுடைய சொந்த உழைப்புக்கு மணிக்கு 10 சென்ட்; குதிரையின் உழைப்புக்கு மணிக்கு 5 சென்ட். வீட்டுத் தொழுவத்து எருவுக்கும் விலை உண்டு. நிலத்தையும் விளைச்சலையும் அளக்கும்போது சம்பந்தமில்லாத இருவர் சாட்சியாக இருக்கவேண்டும்.

நம்மில் எத்தனை மிராசுதார்கள் இவ்வாறு கணக்கெழுதுகிறோம்? விதை, எரு, கூலி ஆகிய ரொக்கச் செலவை மட்டும் கழித்து, எஞ்சியதை லாபமென்கிறோம். சொந்த மாடும், வீட்டாரின் உழைப்பும், நிலத்தின் குத்தகை மதிப்பும் கணக்கில் ஏறுவதில்லை. பள்ளியில் கணக்குப் படிக்கும் மகன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இவற்றை எழுதிக் காட்டுவானாயின், எந்தப் பயிர் நமக்குக் கட்டும், எது கட்டாது என்பது வீட்டிலேயே தெரியவரும்.

அவர்கள் செய்த பிழைகள்

பிறர் அனுபவத்தைப் பின்பற்றுவோர் அவர்கள் பிழைகளையும் அறிந்து விலக்கவேண்டும். அமெரிக்கக் கழகங்களில் இரண்டு பிழைகள் நேர்ந்தன.

முதலாவது, கன்று மகனுடையது, பசு தந்தையுடையது என்னும் குறை. மகன் வளர்க்கும் வரையில் கன்றை அவனுடையதென்று சொல்லி, அது விலைபோகும் காலத்தில் பணத்தைத் தந்தை எடுத்துக்கொண்டால், அப்பையன் மறுவருஷம் கழகத்தின் பக்கம் தலைகாட்டமாட்டான். அதைவிடத் தீமை, அவன் விவசாயத்திலேயே நம்பிக்கை இழப்பான். நம் பிள்ளைகள் பட்டணத்தையே நாடுகின்றனரென்று குறைகூறும் நாம், நிலத்தில் அவர்களுக்குச் சொந்தமாக ஒரு பாத்தியையேனும் என்றாவது கொடுத்தோமா என்று நம்மையே கேட்டுக்கொள்ளவேண்டும்.

இரண்டாவது பிழை இதனினும் பெரிது. தென் மாகாணங்களில் கறுப்பின மக்களின் பிள்ளைகளை வெள்ளையர் பிள்ளைகளுடன் சேர்க்காமல், வேறு கழகங்களில் ஒதுக்கி, குறைந்த பொருளுதவியுடன் நடத்தி வந்தனர். 1964-ம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டத்திற்குப் பின்னரே இவ்வேற்றுமை சட்டப்படி நீங்கிற்று. வயலில் உழைப்போரின் பிள்ளைகளுக்கு அறிவைக் குறைத்துக் கொடுத்த நாடு, அதே வயலின் விளைச்சலைத்தான் குறைத்துக்கொண்டது. நம் கிராமங்களில் தெருவுக்குத் தெரு வேற்றுமை உண்டென்பதை நான் சொல்லித் தெரிந்துகொள்ளவேண்டியதில்லை. நிலமுடையவன் மகனுக்கு மட்டும் கழகம் என்றால், அது ஊர்க் கழகமாகாது. நாளை நாற்றுவிடுபவனும், நீர் கட்டுபவனும், மருந்து தெளிப்பவனும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையாகவே இருக்கலாம். அவன் அறியாததன் நஷ்டம் நம் களத்திலேயே தெரியும்.

நம் நாட்டு முயற்சிகள்

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சிகள் இல்லாமலில்லை. முன்னாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்ததும், இப்பொழுது கன்னியாகுமரி ஜில்லாவிலுள்ளதுமான மார்த்தாண்டத்தில், ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் 1920-களில் கிராமப் புனருத்தாரண நிலையம் நடத்தி, தேனீ வளர்ப்பு, கோழி வளர்ப்பு முதலியவற்றைச் சிறு குடியானவர்களுக்குக் கற்பித்தார். மார்த்தாண்டத்துத் தேன் இன்றும் பெயர்பெற்று விளங்குகிறது. காந்தியடிகள் நூற்றாண்டான 1969-ம் வருஷத்தில், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. கோயம்புத்தூர் விவசாயப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் பட்டம் பெறுமுன் கிராமங்களில் தங்கிக் குடியானவர்களுடன் பழகும் ஏற்பாடும் இருந்து வருகிறது. இவர்கள் சில தினங்களோ சில வாரங்களோ தங்கிச் செல்பவர்கள். ஊரிலேயே பிறந்து, ஊரிலேயே வளரும் நம் பள்ளிப் பிள்ளைகளோ வருஷம் முழுவதும் நம்முடனிருப்பவர்கள். விருந்தினர் சொல்லும் யோசனையைவிட, பேரன் செய்துகாட்டும் சோதனை வீட்டில் நிலைக்கும்.

நம் கிராமங்களில் தொடங்கும் முறை

இதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. முதல் வருஷத்தில் கீழ்க்கண்ட நான்கு காரியங்களே போதும்.

முதலாவது, விதைச் சோதனை. நாற்றங்காலுக்கு மூன்று வாரம் முன்பாக, ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு விதையை மேலே கூறிய கோணித்துண்டு முறையில் சோதிக்கவேண்டும். விதை தவறினால் வேறு விதை தேட அவகாசம் இருக்கவேண்டுமாதலால், காலம் தாழ்த்தலாகாது.

இரண்டாவது, உப்புநீரில் விதை பொறுக்குதல். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, புதிய கோழிமுட்டையை அதிலிட்டால் அது அமிழ்ந்துவிடும். சிறிது சிறிதாக உப்பைக் கரைத்துக்கொண்டே வந்தால், முட்டை மேலெழுந்து, அதன் தலைப்பாகம் ஒரு ரூபாய் நாணயத்தளவு வெளியே தோன்றும். அப்போது கரைசல் தயார். இதில் விதைநெல்லைக் கொட்டினால் பதரும் அரைவயிற்று மணிகளும் மிதக்கும்; முற்றிய மணிகள் அடியில் தங்கும். மிதந்தவற்றை நீக்கி, தங்கியவற்றை உடனே நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசவேண்டும். அலசத் தவறினால் உப்பு முளையைக் கெடுக்கும்.

மூன்றாவது, மண் மாதிரி எடுத்தல். எரு போட்ட இடம், மரநிழல், வரப்போரம் ஆகியவற்றை விலக்கி, வயலில் பல இடங்களில் மேல்மண்ணின் குப்பையை ஒதுக்கி, அரையடி ஆழத்திற்கு ஆங்கில வி எழுத்தைப்போலக் குழி வெட்டி, அதன் பக்கத்திலிருந்து மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாக மண்ணைச் சீவி எடுக்கவேண்டும். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை நீக்கி, அரைக் கிலோ அளவு வரும்வரை இவ்வாறே செய்து, நிழலில் உலர்த்திச் சோதனைச்சாலைக்கு அனுப்பலாம். களர் நிலமா, உவர் நிலமா என்பதை அறியாமல் எரு வாங்குவது, நோயறியாமல் மருந்துண்பதற்கு ஒப்பாகும்.

நான்காவது, ஐந்து சென்ட் பயிர். வீட்டு நிலத்தில் ஐந்து சென்ட்டைப் பிள்ளைக்கென ஒதுக்கி, அதில் பாதியைப் பழைய முறையிலும் பாதியைப் புது முறையிலும் பயிரிடச் செய்யவேண்டும். ஒரே நேரத்தில் ஒரு மாறுதலே செய்வது நலம். விதையையும் மாற்றி, எருவையும் மாற்றினால் எதனால் விளைந்ததென்பது தெரியாது. விளைச்சலும் அதன் பணமும் பிள்ளைக்கே உரியனவாகவேண்டும்.

இவற்றுடன் மூன்று எச்சரிக்கைகள் கூறுவேன். பூச்சிமருந்து எதனையும் பிள்ளைகள் கையால் தொடலாகாது. தெளித்த வயலிலும் இறங்கலாகாது. கிணற்றோரத்திலும் யந்திரங்களின் அருகிலும் பெரியவர் துணையில்லாமல் விடலாகாது. கழகத்தின் பெயரால் பிள்ளைகளிடம் கூலிவேலை வாங்குவதோ, பள்ளிக்கூட நேரத்தைக் குறைப்பதோ கூடவே கூடாது. படிப்பை விட்டவன் இக்காரியத்திற்கு உதவமாட்டான். படிக்கும் பிள்ளையினால் ஆகவேண்டிய காரியம் இது.

கிராம அதிகாரிகளின் கடமை

கிராம அதிகாரிகள் இதில் பெரிதும் உதவமுடியும். நிலமில்லாதார் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தை ஒட்டிய இடத்திலோ, மனமுவந்து கொடுக்கும் மிராசுதார் நிலத்திலோ ஐந்து சென்ட் வீதம் ஒரு பருவத்திற்கு ஏற்பாடு செய்து தரலாம். சங்கிலி பிடித்து நிலத்தை அளந்து காட்டலாம். அறுவடையின்போது சாட்சியாக நிற்கலாம்.

விளைச்சல் மதிப்பிடும் முறையைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதும் அவர்களால் ஆகும். நெல் வயலில் 5 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமுமுள்ள சதுரத்தைக் கண்டபடி தேர்ந்து, கயிறு கட்டி, அதனுள் அடங்கிய பயிரை மட்டும் அறுத்து, அடித்துத் தூற்றி நிறுக்கவேண்டும். அது 25 சதுர மீட்டர். ஓர் ஏக்கர் சுமார் 4,047 சதுர மீட்டராதலால், கிடைத்த நிறையை 162-ஆல் பெருக்கினால் ஏக்கர் விளைச்சல் வரும். சதுரத்தில் 12 கிலோ நெல் கிடைத்தால், ஏக்கருக்கு 1,944 கிலோ. ஈரநெல்லின் நிறை அதிகமாகத் தோன்றுமாதலால், உலர்த்தியபின் மறுபடியும் நிறுப்பது முறை. நல்ல பயிரைப் பார்த்துச் சதுரத்தை வைப்பது தன்னையே ஏமாற்றிக்கொள்வதாகும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். 61 முளைத்ததை 61 என்றே எழுதத் துணிந்தவனே ஊருக்கு உதவுவான்.

முடிவுரை

மேலே நான் குறிப்பிட்ட கிராமத்தில் மறுவருஷமும் நாற்றங்காலுக்கு முன் கூட்டம் நடந்தது. இம்முறை தண்டோரா போடவில்லை. பிள்ளைகள் தங்கள் கோணிச்சுருள்களைச் சாவடியிலேயே பிரித்து எண்ணுவதாக வீட்டுக்கு வீடு சொல்லியிருந்தனர். சாவடி நிறைந்து, வெளியிலும் ஆட்கள் நின்றனர். முன்வரிசையில் அப்பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவ்வாண்டு அவர் விதைநெல்லைத் தனியே அறுத்து, தனியே உலர்த்தி, கடித்தால் நறுக்கென்று முறியும்வரை காயவிட்டுச் சேமித்திருந்தாராம். பேரன் சுருளைப் பிரித்து எண்ணத் தொடங்கினான். பெரியவர் உதட்டசைவில் தாமும் கூடவே எண்ணினார். எண்ணிக்கை தொண்ணூற்றிரண்டில் நின்றது. "இன்னொரு தடவை எண்ணு, தம்பி. எல்லாரும் பார்க்கட்டும்" என்றார் பெரியவர்.

மிராசுதார்களே! உங்கள் வீட்டுத் திண்ணையில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். அவனிடம் நூறு விதைமணிகளையும் ஒரு கோணித்துண்டையும் கொடுங்கள். ஐந்து சென்ட் நிலத்தைக் கொடுங்கள். அவன் எழுதும் எண்ணிக்கை உங்களுக்கு உவப்பாயிராவிட்டாலும் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வருகிற பருவத்திற்கு நாற்றங்கால் விடுமுன் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இச்சோதனையை நடத்த விரும்புவோர், அருகிலுள்ள விவசாய இலாகா உத்தியோகஸ்தரை அணுகினால் வேண்டிய உதவி தாராளமாகக் கிடைக்கும்.